அடுத்த ஆண்டுப் படிவம்

ஜூலை கடைசி நாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மதன்குமார் வருமான வரிப் படிவத்தைத் திறந்தான். வழக்கம்போல் எல்லாக் கட்டங்களும் தானாகவே நிரம்பியிருந்தன, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து. வரித்துறையின் கணிப்பு இதுவரை யாருக்கும் தவறியதில்லை.

அடுத்த வருடப் பக்கத்தில் மனைவி அபிநயாவின் பெயர் இல்லை. மருத்துவச் செலவு மட்டும் நாற்பது மடங்கு ஏறியிருந்தது, அதுவும் நவம்பர் வரைதான். அதன் கீழே ஈமச்சடங்குச் செலவு என்று ஒரு வரி.

'தவறு' என்ற பொத்தானை அழுத்தினான். ஆதாரம் கேட்டது. போன வாரம் எடுத்த அபிநயாவின் ரத்தப் பரிசோதனை முடிவை இணைத்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

'பார்த்தோம். மாற்றமில்லை. மாலை ஐந்துக்குள் உறுதி செய்யாவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்.'

கணக்கு முடங்கினால் அந்த மருத்துவச் செலவுக்கு எங்கே போவான்? உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினான்.

அவன் அடிக்கடி போனைத் தொலைப்பவன் என்பதால் எல்லா இடத்திலும் அபிநயாவின் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தான்.

"ஏனுங்க, ஓடிபி வந்திருக்குது. சொல்லட்டுங்களா?" என்று சமையலறையிலிருந்து அபிநயா கேட்டாள்.

அவன் அந்த ஈமச்சடங்கு வரியை மறுபடி படித்தான்.

"அஞ்சு நிமிசந்தானுங்க இருக்கும். அப்புறம் மறுக்காப் போடோணும்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். அவன் திரையைச் சற்றுத் திருப்பிக்கொண்டான். ஒவ்வோர் எண்ணையும் அவன் தட்டும்வரை பொறுத்திருந்து சொன்னாள். கடைசி எண்ணை மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.