குண்டு ரயில்ல வருது

ரயில் நிலையப் பாதுகாப்பு அறையில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. விசாரணைக்கு உட்கார வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனின் போனைச் சோதித்த மென்பொருள், அவருடைய அக்கா அனுப்பிய வரியைச் சிவப்பில் காட்டுகிறது: "குண்டு ரயில்ல வருது. நீ ஸ்டேஷன்ல ரெடியா இரு." இன்ஸ்பெக்டரின் பேனா மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. "சார், குண்டுன்னா என் அக்கா மக சார். பொறந்தப்பவே நாலரை கிலோ. தனியா வர்றா, என்னைக் காணலைன்னா பயந்துடுவா." ரயில் வந்து நிற்கும் அதிர்வில் தண்ணீர் தம்ளர் நடுங்குகிறது. கேமரா திரையில், இரட்டைச் சடை போட்ட பருமனான சிறுமி பையை அணைத்தபடி நடைமேடையில் தேடுகிறாள். உதடு பிதுங்குகிறது. "அட, ஓடுய்யா," என்கிறார் இன்ஸ்பெக்டர். எலக்ட்ரீஷியன் ஓடுகிறார். கணினி முன் இருக்கும் பெண் சிவப்பு வரியை அழுத்துகிறாள். 'இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா?' என்று மென்பொருள் கேட்கிறது. 'செல்லம்' என்று தட்டச்சு செய்கிறாள்.