கொதிக்கக் கூடாத தண்ணீர்

எவாரிஸ்தோ மூன்றாவது கெட்டிலின் சுவிட்சைப் போட்டதும் ஃபிரிட்ஜ் முதற்கொண்டு எல்லாம் அடங்கிப்போனது.

“போச்சு, மறுபடியும் ஃபியூஸ்!” என்றாள் மனைவி நில்தா. “மேல் வீட்டுக்கும் இதே ஃபியூஸ்தான். வீட்டுக்காரம்மா இறங்கி வரப்போறாங்க.”

“இன்னும் பத்து லிட்டர் வெந்நீர் ஊத்தலைன்னா ஊறப்போட்ட பார்லி மொத்தமும் வீண்.”

“பீர் காய்ச்சினா வீட்டைக் காலி பண்ணணும்னு ஒப்பந்தத்துல இருக்கே, மறந்துட்டீங்களா?”

கதவு படபடவென்று தட்டப்பட்டது. பார்லிப் பெட்டியின் மேல் நில்தா அவசரமாகப் போர்வையை இழுத்துப் போட்டாள்.

வாசலில் வீட்டுக்கார எர்மினியா அம்மாள். “என்ன தம்பி நடக்குது இங்க?”

“விருந்தாளிங்க வர்றாங்கம்மா. மாத்தே டீ குடிக்கத் தண்ணி வெச்சோம்.”

“மாத்தேக்கு யாராவது தண்ணியைக் கொதிக்க விடுவாங்களா? இலை வெந்து கசந்துடாது? காலையிலேருந்து உன் கெட்டில் தளதளன்னு கொதிக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது!”

“மன்னிச்சிடுங்கம்மா. பீர்தான். இந்த ஒரு தடவை...”

“அந்த விதியை எதுக்குப் போட்டேன்னு நினைச்சே?” எர்மினியா அம்மாள் தன் ஏப்ரன் பையிலிருந்து ஈரம் சொட்டும் தெர்மாமீட்டரை உருவினாள். “ஒரு ஃபியூஸ் ரெண்டு பேரோட பீரைத் தாங்காதுன்னுதான். இப்படிக் கரண்ட் போய்ப் போய் மேல என் பார்லியோட சூடு அறுபது டிகிரிக்கு இறங்கிடுச்சு. நான் முடிக்கிறதுக்குள்ள நீ சுவிட்சுல கை வெச்சே, நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!”