இரண்டு மணிக்கு ஓடும் மெஷின்

கம்பெனி கம்பெனியாகப் போய், கரன்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். சொந்த வீட்டில் புது மீட்டர் பொருத்தி, மணிக்கு மணி எவ்வளவு ஆகிறது என்று செல்போனில் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ன ஓடுது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வாஷிங் மெஷின்ங்க."

"நீ, நான், அம்மா. மூணு பேருக்குத் தினமும் துவைக்க அப்படி என்ன இருக்கு?"

"அழுக்குத் துணி சேர்ந்துடுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தித் திறந்தார். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

கோபத்தில் கத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெஷின் சத்தம் அடங்கியதும், குளியலறைக்குள் மனைவி விம்மி விம்மி அழுவது கேட்டது. மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோன மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

கதவைத் தட்டினார். வெளியே வந்தவள் பதறிப்போனாள்.

"அத்தை ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரங்க. நான் அழுறது கேட்டா தாங்க மாட்டாங்க. அதான் மெஷினைப் போட்டுட்டு..."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் செருமல் கேட்டது. கண்கள் சிவந்து வீங்க, அம்மா தன் அறை வாசலில் நின்றிருந்தார்.

"ஏம்மா, அதுக்குள்ள நிறுத்திட்டே? இன்னும் கொஞ்சம் ஓட விடேன். உனக்குக் கேக்காம, நானும் அந்தச் சத்தத்துலதான் அழுதுக்கறேன்."