வாசல் செருப்பு

"ஏனுங்க வசீகரன், நீங்க கம்ப்யூட்டர் கெர்னலுக்குக் கோடு எழுதறீங்களா, இல்ல கோயில் வாசல்ல செருப்புத் திருடறீங்களா?"

நல்லூர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிரபாகர் பொரிந்து தள்ளினான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வசீகரனின் கோடு அன்று அவனிடம் ரிவ்யூவுக்கு மாட்டியிருந்தது.

மனைவி கீர்த்தனாவிடமிருந்து போன் வந்தது. கட் செய்தான்.

"பக்கத்துல என்ற சம்சாரம் பனியன் கம்பெனி வெச்சிருக்குதுங்க. எல்லாரும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகோணும். வாசல்ல செருப்பே இல்லீன்னா உள்ள ஆளில்ல, ஷட்டர எறக்கிரலாம். மெமரிய எத்தன பேரு புழங்கறாங்கன்னு எண்ணற ரெபரன்ஸ் கவுண்ட்டும் அதேதானுங்க. உங்க ஃபங்ஷன் அடுத்தவன் செருப்ப மாட்டிட்டுப் போயிருது. கவுண்ட் ஜீரோன்னு கெர்னலும் மெமரியக் காலி பண்ணிருது. உள்ள இருக்கறவங்க கதி என்னங்க?"

மறுபடியும் போன். "சாப்படக் கூப்படறா, வேற வேலையில்ல" என்று அதையும் கட் செய்தான்.

அம்மா மூச்சிரைக்க வந்தாள். "ஏஞ்சாமி, கம்பெனியப் பூட்டுனது நீயா? பின்னால குடோன்ல இருந்த கீர்த்தனா உள்ளயிருந்து ஷட்டரத் தட்டீட்டிருக்கறா!"

"சார்ஜர் எடுக்கப் போனேன். பூட்டறப்ப வாசல்ல ஒரு செருப்புகூட இல்லீங்கம்மா. நல்லாப் பாத்தேன்."

"போறப்ப வெறுங்காலோட போனவன் நீ. இப்ப நம்மூட்டு வாசல்ல கெடக்கற அவ செருப்பு, தானா நடந்து வந்துச்சா?"

பிரபாகர் வாசலை எட்டிப் பார்த்தான்.

ஹெட்போனில் வசீகரன் பணிவாகக் கேட்டான்: "சார், உள்ள இருக்கறவங்க கதி என்னங்க?"