தங்கையா வரும்வரை

“மாமா, நீங்க குடும்பத்தோட வராம அப்பாவத் தூக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

கொட்டும் மழையில் நின்ற அனிற்றாவைப் பார்த்ததும் தங்கையா வாசலுக்கு வந்தான். முந்தாநாள்தான் அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற சார்ஜன்ட் அல்பிரட், மலையடியில் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கதவைத் தட்டினார். “மலையில வெடிப்பு விழுந்திருக்கு, எல்லாரும் மாதா கோயிலுக்குப் போங்க!”

யாரும் அசையவில்லை. “அதிகாரத்த ஆமி கேம்ப்போட வச்சுக்குங்க!” என்று நாலு பேர் முன்னால் திட்டியவன் தங்கையா.

இன்று காலை மனுஷன் போய்விட்டார். புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து சவப்பெட்டியும் வந்துவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அவமானப்படுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தபடியே, பெண்டாட்டி பிள்ளைகளோடு எதிர்மேட்டு மாதா கோயிலுக்குப் போனான்.

மூடிய பெட்டியைச் சுற்றி லயமே நின்றது. முப்பது வருஷம் துப்பாக்கி தூக்கிய கை, லீவில் வந்தால் மகளுக்குத் தலை பின்னிவிடும் என்று சொல்லி யாரோ அழுதார்கள். அல்பிரட்டின் மனைவி அருள்செல்வி மட்டும் அழவில்லை. தங்கையாவின் கடைக்குட்டி உள்ளே வந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அப்போது மலை உறுமியது. கண்ணெதிரே லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது.

அலறல் அடங்குமுன் பெட்டி மூடி திறந்தது. அல்பிரட் எழுந்து உட்கார்ந்தார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

“தங்கையா வீடுதான் கடைசி. வந்துட்டாங்க,” என்றாள் அருள்செல்வி.

அல்பிரட் தங்கையாவை முறைத்தார்.

“உசிரோட சொன்னேன், ஒருத்தனும் அசையல. அதான் செத்தேன்.”