குருத்தழுகல் வாடை

ஏணியின் மூன்றாம் படியில் நின்று, இளம் எண்ணெய்ப்பனையின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தாள் மூக்கம்மா. சேற்றில் நட்ட குச்சி போல அது கையோடு வந்துவிட்டது.

அடிக்குருத்து பழுப்பேறிக் கொழகொழத்திருந்தது.

வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. செத்த எலியும் ஊறிப்போன சாக்கும் சேர்ந்த நாற்றம். வேறு யாராக இருந்தாலும் ஏணியை விட்டே குதித்திருப்பார்கள்.

அவள் குருத்தை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை ஆழ மோந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றுதான் அது திரும்பி வந்திருக்கிறது.

அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தோட்டத்தார் மூக்கம்மா என்று பட்டப்பெயர் வைத்ததே அந்த மூக்குக்காகத்தான். குருத்தழுகலை வாடை கிளம்பும்போதே பிடித்தால், அழுகியதைச் செதுக்கி மருந்து பூசி மரத்தைக் காப்பாற்றிவிடலாம். இலை மஞ்சளாகும்வரை விட்டால் கோடாலிதான். பக்கத்து மரங்களும் தப்பாது.

முக்கியமாக நாத்தனாருக்குத் தெரியக் கூடாது. ஏணியும் மருந்து வாளியும் சுமந்து கூடவே வருகிறவள் அவள்தான். அவள் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

ஆனால் இத்தனை நாளும் வேலையைக் காப்பாற்றியதும் அந்த நாத்தனாரின் வாய்தான். ஒவ்வொரு மரத்திலும் முந்திக்கொண்டு தலையை நீட்டுவாள். குடலைப் புரட்டுகிறது, கருமம் என்று காறித் துப்பினால் அழுகல். ஒன்றுமில்லை, பச்சை வாசம்தான் என்றால் நல்ல மரம். மூக்கம்மா அதைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வாள். இப்படி ஒரு புலம்பல்காரியைக் கொடுத்த தெய்வத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போடுவாள்.

இன்று நாத்தனார் மருந்து கரைக்கத் தண்ணீருக்குப் போயிருந்தாள். தளும்பும் வாளியோடு வந்தவள் வாயைத் திறப்பதற்குள் மூக்கம்மா மேலிருந்தே கத்தினாள்.

"அண்ணி, நாறுது! பயங்கரமா நாறுது!"

நாத்தனார் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். தம்பி பெண்டாட்டியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா! அன்னைக்குப் பால் தீஞ்சு வீடே நாறுது, நீ அடுப்புக்குப் பக்கத்துல நின்னு சாவகாசமா தலை வாரிக்கிட்டு இருந்தியே. அப்பவே எனக்குத் தெரியும்."

மூக்கம்மா இறங்கி வந்தாள். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

நாத்தனார் கத்தியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"அழுதது போதும், போய்ச் செதுக்கு. மரம் பொழைக்கட்டும். இனிமே நீயே மோந்துக்கோ, தாயே. எட்டு மாசமா எனக்கு மத்தியானச் சோறு இறங்கல."