பாதித் தாடை

பல் டாக்டரின் விளக்கு இந்த மத்தியானத்தில் யார் வாயிலும் விழவில்லை. தட்டில், வெள்ளைத் துணிமேல் கிடக்கும் ஒரு மிருகத்தின் தாடையில் விழுகிறது. கல்லாகிப்போன தாடை, வலது பாதி மட்டும். நான்கு பற்கள் பழுப்பாக மின்னுகின்றன. போன வருடம் மழைக்குப் பயந்து டாக்டரின் தம்பி அவசரமாக இழுத்ததில் உடைந்தது. இடது பாதி இன்னும் ஓடைக்கரைப் பாறைக்குள் இருக்கிறது. அங்கே போக ஜீப்பை விட்டு இறங்கி ஒரு நாள் முழுக்க நடக்கவேண்டும். அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். நோயாளி நாற்காலியில் வரைபடத்தை விரித்து, ஓடையின் வளைவைப் பென்சிலால் அழுத்திக் குறிக்கிறாள் டாக்டர். தம்பி தண்ணீர்க் கேன்களை எடை மெஷினில் ஏற்றுகிறான். “இப்பவே முப்பது கிலோ இருக்குக்கா. வர்றப்ப கல்லை எங்க வைக்கிறது?” “குடிக்கக் குடிக்க இடம் வந்துரும்.” அவன் பிடரியைச் சொறிகிறான். “அது அங்க இல்லைன்னா?” அவள் நிமிரவில்லை. “பாதி வேலையில யாரையும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுப்பினதில்லடா.” காலால் ஒரு மரப்பெட்டியை அவன் பக்கம் தள்ளுகிறாள். “இதையும் எடை போடு.” திறந்து பார்க்கிறான். உள்ளே பஞ்சு மட்டும், ஒரு தாடை படுக்கிற வளைவில் அழுந்தியிருக்கிறது. மூடியில் ஒட்டிய சீட்டில் பசைகூடக் காய்ந்துவிட்டது: ‘இடது பாதி.’